கண்ணாடித் தொட்டி மீனும் ஏரி மீனும்

முட்டையிடாது குட்டியீனும் கப்பி மீன் தென்னமெரிக்காவின் வடபாகத்திற்குரியது. அலங்கார மீன் வியாபாரத்திற்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து செஞ்சி வீடுகளுக்கும் எளிதில் வந்து சேரக்கூடியது. இதனைப் பேணுதல் சிரமமன்று. வாரமொருமுறை காற்பங்கு நீரை மாற்றி, இரண்டொரு நிமிஷத்தில் தின்று தீருமளவே இரையிட்டாற் போதும். தாய் தன் குட்டிகளையே விழுங்குமாதலால் நீர்ச்செடி அடர்ந்திருத்தல் அவசியம்.

சங்கடம் பின்னரே தோன்றும். ஏறக்குறைய நான்கு வாரத்திற்கொருமுறை ஈனுவதால் தொட்டி விரைவில் நிறைந்துவிடும். மிகுந்தவற்றைக் கொல்ல மனமில்லாதார், கொசுவொழிக்கும் புண்ணியமும் சேருமென்றெண்ணி, ஏரியிலோ கோட்டையின் செட்டிகுளம், சக்கரகுளம் முதலியவற்றிலோ விட்டுவிடக் கூடும். அது சிறிதும் தகாது. ஒருமுறை ஆணோடு கூடிய பெண்மீன் ஒன்றே பல ஈற்றுக்குப் போதும். கலிங்கு வழிந்தால் அடுத்த ஏரிக்கும் அது குடியேறும். கொசுவை ஒழிக்க 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவிற்குக் கொணரப்பட்ட கம்பூசியாவும் இக்குடும்பத்ததே. அது கொசுப்புழுவோடு நில்லாது, பிற மீன்களின் குஞ்சுகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்பது பல தேசங்களிற் கண்ட அனுபவம். பயிர்ப்பூச்சிகளைத் தின்னுந் தவளை குறைந்தால் நஷ்டம் குடியானவருக்கே.

வாய்க்காலோடு தொடர்பில்லாத சிமிட்டித் தொட்டிகளில் கப்பியை விடுவதற்குத் தடையில்லை. ஏரி குளங்களுக்கோ, உச்சந்தலையில் வெள்ளிப் புள்ளியுடன் நீர்மட்டத்தில் திரியும் சிறு நாட்டுமீனே கொசுப்புழுவைத் தின்னும். மீன்பிடி குத்தகை விடுங்கால், அந்நிய மீன் விடலாகாதென்னும் நிபந்தனையைச் சேர்க்கக் கிராம அதிகாரிகள் யோசிப்பது நலம்.

குட்டிப் பெருக்கத்தை வேண்டாதார் ஆண்மீன்களை மாத்திரம் வளர்க்கலாம். அழகிற்குக் குறைவில்லை, வர்ணமெல்லாம் பெரும்பாலும் ஆணுக்கே.