லோகோ இல்லாத ஐபோன்

ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஒருமுறை லண்டனிலிருந்து ‘ஒரு ஓக் மரம்’ வாங்கியது. வெளிநாட்டுச் செடிகொடிகளை உள்ளே விட முடியாது என்று சுங்க அதிகாரிகள் மறித்துவிட்டார்கள். வந்திருந்ததோ கண்ணாடித் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். கூடவே, அந்த டம்ளர் உருவம் மாறாமலே ஓக் மரமாகிவிட்டது என்று சாதிக்கும் கேள்வி-பதில் தாள். ‘ஐயா, இது வெறும் தண்ணீர்தான்’ என்று அதைச் செய்த கலைஞரே விளக்கம் தர வேண்டியதாயிற்று.

அவர் மைக்கேல் கிரெய்க்-மார்ட்டின். 1941-ல் டப்ளினில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்; 1966-ல் பிரிட்டனுக்கு வந்தார். தொட்டிக்குள் சுறாவை மிதக்கவிட்டுப் பேர்வாங்கிய டேமியன் ஹர்ஸ்ட், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இவரிடம் படித்தவர்தான்.

1973-ல் ‘ஓக் மரம்’ என்று குறும்பு செய்த கிரெய்க்-மார்ட்டின், 1978 வாக்கில் மெல்லிய கறுப்பு ஒட்டுநாடாவால் சாமான்களைக் கோட்டோவியமாக்கத் தொடங்கினார். பல்பு, குடை, மேசை, ஷூ. பின்னாளில் அலுமினியப் பலகையில் அக்ரிலிக் வண்ணம் ஏறியது. நிழல் கிடையாது, தூரிகைத் தடம் கிடையாது. நிறமும் பொருளின் சொந்த நிறம் அல்ல.

அமெரிக்க பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் 1962-ல் 32 கேம்ப்பெல்ஸ் சூப் டின்களை வரைந்தபோது லேபிள்தான் படமே. கிரெய்க்-மார்ட்டினின் ஐபோனில் லோகோ இல்லை. கடைச் சரக்கிலிருந்து கடையைக் கழித்துவிட்டு, பொருளை மட்டும் நிறுத்துகிறார். வார்ஹோலின் வாரிசு என்று இவரைப் பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை.

2024-ல் லண்டன் ராயல் அகாடமி இவரது ஏறக்குறைய அறுபதாண்டு வேலைகளைக் காட்சிக்கு வைத்தது. பளபளப்புதான் இருக்கிறது, ஆழம் இல்லை என்று விமர்சகர்களில் ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது. ஒரே அறையில் பத்துப் படம் பார்த்தால் திகட்டத்தான் செய்கிறது. சில படங்கள் ஆபீஸ் வரவேற்பறைக்கென்றே அளவெடுத்தவை போலிருக்கின்றன.

ஆனால் அவர் வரைந்த கேசட்டைக் கிட்டத்தில் பாருங்கள். பல் வைத்த இரண்டு துளைகள், நடுவே சிறு ஜன்னல், கீழே நாடா எட்டிப்பார்க்கும் இடைவெளி. கேசட்டே கேள்விப்படாத பிள்ளைக்கும் இதில் ஏதோ சுழலும் என்று புரியும். செல்போனை வரையும்போது அவருக்குக் கிடைப்பது மூலை மழுங்கிய ஒரு செவ்வகம். அது பேசுமா, படமெடுக்குமா, கணக்குப் போடுமா? உருவம் ஒன்றும் சொல்வதில்லை. வேலைக்கேற்ற வடிவம் என்ற காலம் போய்விட்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்லார் வீட்டிலும் இருப்பதை வரையப் புறப்பட்டவர், பாதி வீடுகளில் இல்லாமல் போனவற்றுக்குப் பதிவேடு எழுதியவராகிவிட்டார். இது திட்டமிட்டு வந்ததல்ல. காலம் சேர்த்த கனம்.

வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள் அவருடைய பழைய படங்களையும் புதிய படங்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கோடு மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.