முதற்பெயர் அறியப்படாதவள்!

கணவன் பணியாற்றும் அயல்நாட்டிற்கு மனைவியாகச் சென்று குடியேறும் தமிழ்ப்பெண், அம் மண்ணில் காலூன்றுமுன்னரே இழக்கின்ற முதற்பொருள் பலவேளைகளில் அவள் பெயராகவே இருக்கின்றது. நகைப்பேழை ஒன்று காணாமற் போயிருப்பின் வானூர்தி நிலையத்தையே கலக்கியிருப்பார்கள். பெயர் காணாமற் போனதையோ, சில திங்கள் கழித்து வங்கியிற் கணக்குத் தொடங்கச் செல்லும்பொழுதுதான் அறிகின்றார்கள்.

தேன்மொழி என்னும் பெயருடையாள் ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்க. பள்ளிச் சான்றில் அவள் ‘க. தேன்மொழி’. ‘க’ என்பது தந்தையாகிய கண்ணப்பனைக் குறிக்கும் முன்னெழுத்து. இந்தியக் கடவுச்சீட்டிலோ குடிப்பெயர்க்கு ஒரு கட்டமும், இட்டபெயர்க்கு ஒரு கட்டமும் உள்ளன. தமிழர்க்குக் குடிப்பெயர் என ஒன்று இல்லையாகலின், முதற்கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டாங் கட்டத்தில் ‘தேன்மொழி’ என எழுதி, முகவர் தம் கடமை முடிந்ததெனப் போய்விடுகின்றார். அச் சீட்டோடு அமெரிக்கத் தூதரகத்தின் முன் நிற்கும்பொழுது, ஒரே பெயருடையாரின் அவ்வொரு பெயரையும் குடிப்பெயராகக் கொண்டு, இட்டபெயர்க் கட்டத்தில் ‘எஃப்.என்.யூ.’ என மூன்றெழுத்துகளைப் பொறித்து விடுகின்றனர். ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பது அம் மூன்றெழுத்தின் விரிவு! பெற்றோர் இட்ட பெயர் கண்ணெதிரே இருக்க, அறியப்படவில்லை என்று ஓர் அரசு எழுதுகின்றது. விசா என்று வழங்கும் நுழைவிசைவிற் புகுந்த அம் மூன்றெழுத்து, பச்சை அட்டையில் ஏறுகின்றது. அங்கிருந்து குமுகாயக் காப்பு எண்ணுக்கும், ஓட்டுநர் உரிமத்திற்கும், வங்கி ஏட்டிற்கும் பரவுகின்றது. மருத்துவமனையிற் பெயர் கூப்பிடும் செவிலி அம் மூன்றெழுத்தையே ஒரு பெண்பெயர் எனக் கொண்டு உரக்க அழைப்பாள். தேன்மொழி தன்னைத்தான் அழைக்கின்றார்கள் என்று அறியாது அமர்ந்திருப்பாள்.

இஃது உலக ஒழுங்கு. மாற்றவொண்ணாதது என்று கூறுவாருளர். அவர் கூற்று உண்மையன்று. பன்னாட்டு வானூர்திப் போக்குவரவு அமைப்பு வகுத்த 9303 ஆம் ஆவணமே உலகக் கடவுச்சீட்டுகளுக்கெல்லாம் அளவுகோல். பொறி படிக்கும் இரு வரிகளில், வரிக்கு 44 இடங்கள். முதல்வரியிற் பெயர்க்கு 39 இடங்கள். ஒரே பெயருடையார்க்கு அப் பெயரை மட்டும் எழுதி, எஞ்சிய இடங்களை நிரப்புக்குறியால் மூடிவிடலாம் என்று அவ்வாவணம் இடந்தருகின்றது. ஆகவே குறை அளவுகோலில் இல்லை. தம் கட்டம் வெறுமையாக இருக்கப் பொறாத அலுவலக வழக்கத்தில் உள்ளது. 2022 நவம்பரில் ஒன்றிய அரபு அமீரகம், ஒற்றைப்பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலாவாகவும் காணவும் வருவாரை ஏற்பதில்லை என அறிவித்து, தந்தை பெயரோ குடிப்பெயரோ சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருப்பின் ஏற்கலாம் எனப் பின்னர் விளக்கம் தந்தது. கட்டத்தின் ஆட்சி குறைவதாயில்லை, வளர்கின்றது.

குடிப்பெயரின்றி வாழும் இனம் தமிழினம் மட்டுமன்று. ஐசுலாந்தார் தந்தை பெயரையோ தாய் பெயரையோ ஒட்டி மகன், மகள் என்றே எழுதுவர். 1996 ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டமும் அம் மரபையே காக்கின்றது. பர்மியர்க்கும் குடிப்பெயர் இல்லை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. அவையின் பொதுச் செயலராக இருந்த ஊ தாண்டின் பெயர் ‘தாண்ட்’ என்பதே. ‘ஊ’ என்பது ‘ஐயா’ என்பதுபோன்ற மதிப்புச் சொல். ஒரே சொற்பெயரோடு சுகர்ணோவும் சுகார்த்தோவும் இந்தோனேசியாவை ஆண்டனர். அவரையெல்லாம் முதற்பெயர் அறியப்படாதவர் என்று எவரும் எள்ளியதில்லை. மலேசியத் தமிழரின் அடையாள ஆவணங்களிலும் மகன், மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கெழுத்துகளை இடையிலிட்டுத் தந்தை பெயரை எழுதும் வழக்கம் உண்டு. தன்பெயர் எது, தந்தைபெயர் எது என்பது அங்குக் குழம்புவதில்லை.

தமிழகத்தினின்று சென்ற அறிவியலறிஞர் இருவர் பெயர் இச் சிக்கலை நன்கு காட்டும். 1983-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசில் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் தந்தை பெயர் சுப்பிரமணியன். அவர் தம் பெயர் சந்திரசேகர். தம் பெயர் ஈற்றில் நின்றமையால் உலகம் அவரை அவர் பெயராலேயே அறிந்தது. 1999-இல் விண்ணில் ஏவப்பெற்ற தொலைநோக்கிக்கும் அப் பெயரே சுருங்கிச் ‘சந்திரா’ என ஆயிற்று. 2009-இல் வேதியியற் பரிசில் பெற்ற, சிதம்பரத்திற் பிறந்த வேங்கடராமன் இராமகிருட்டிணனுக்கோ நிலை தலைகீழ். அவர் பெயர் வேங்கடராமன். உலகம் அவரைக் குடிப்பெயர் கூறி விளிக்குந்தோறும் விளிக்கப்படுபவர் அவர் தந்தையே. 1936-இல் சந்திரசேகரை மணந்த இலலிதா துரைசாமி, இலலிதா சந்திரசேகர் ஆனார். மேலையர் கண்ணுக்கு அது குடும்பப்பெயர். உண்மையில் அது கணவரின் சொந்தப்பெயர். மனைவியின் பெயர்ச்சிக்கல் கணவனின் பெயர்ச்சிக்கலிலிருந்தே கிளைக்கின்றது.

அமெரிக்காவில் ஒரு பழங்கதை உண்டு. 1892 முதல் 1954 வரை குடியேறுவாரை வரவேற்ற எல்லிசுத் தீவில், எழுத்தர்கள் வந்தவர் பெயரையெல்லாம் தம் வாய்க்கேற்றவாறு வெட்டித் திருத்தினர் என்பது அது. ஆய்ந்தோர் அதனைப் பொய்யென்பர். தீவின் அலுவலர் தம் கையிலிருந்த கப்பற்பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தனரேயன்றிப் புதுப்பெயர் எழுதவில்லை. அப் பட்டியலோ கப்பல் புறப்பட்ட துறையில், அங்குள்ள எழுத்தரால் எழுதப்பட்டது. அப் பழைய உண்மை இன்றைக்கும் பொருந்துகின்றது. தேன்மொழியின் பெயர் நியூயார்க்கிற் கெடவில்லை. சென்னையிலோ திருச்சியிலோ கடவுச்சீட்டுக்குப் படிவம் நிரப்பிய மேசையிற் கெட்டது. புறப்படும் துறையில் நேர்ந்த பிழையை இறங்கும் துறை உண்மையென்று பதிந்துகொள்கின்றது.

வெறுமையான கட்டத்தை நிரப்பும் அவாவில் வேறொரு கேடும் புகுகின்றது. ‘குடிப்பெயர் யாது?’ என்று கேட்டவுடன், பாட்டன் காலத்தில் துறந்த சாதிப்பட்டத்தைத் தேடியெடுத்து ஒட்டிக்கொள்வாரை என்னென்பது! 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு, பெயர்க்குப் பின் சாதிப்பட்டம் இடுவதை விட்டொழிக்குமாறு முடிவு செய்தது. தமிழகத்தில் பட்டமின்றிப் பெயர் எழுதும் வழக்கம் வேரூன்ற அம் முடிவு பெருந்துணை ஆயிற்று. ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக அதனைக் கைவிடுவது, செருப்புக்கேற்பக் காலைத் தறிப்பதாகும். தந்தை பெயரை எழுதலாம். தாய் பெயரை எழுதலாம். விரும்பின் கணவன் பெயரை எழுதலாம். எதுவாயினும் அஃது ஒரு மாந்தனின் பெயராக இருக்கட்டும்.

கணவன் பெயரை எழுதுவது மனைவியின் விருப்பத்தைப் பொறுத்ததேயன்றிச் சட்டக் கட்டாயமன்று. மணமானவுடன் ‘க. தேன்மொழி’யை ‘ம. தேன்மொழி’ ஆக்கிவிடும் வழக்கம் இங்குள்ளது. ஊரில் அதனால் பெருந்தீங்கில்லை. கடல் கடந்தாலோ, கடவுச்சீட்டில் தந்தை பெயரும், திருமணப் பதிவில் கணவன் முன்னெழுத்தும், கணவன் எழுதிய படிவத்தில் அவன் பெயரே குடிப்பெயருமாக ஒருத்தி மூவராகின்றாள். மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமையோ அவள் தலைமேல் விழுகின்றது.

எழுத்துக்கூட்டின் கேடு தனி. தமிழில் ‘தேன்மொழி’ என்பதற்கு ஓர் எழுத்துக்கூட்டே உண்டு. உரோம எழுத்தில் தகரத்திற்கு இரு முறை, ஏகாரத்திற்கு இரு முறை, ழகரத்திற்கு மூன்று முறை எனப் பெருக்கிப் பார்க்க. 2020 சூன் திங்களில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. அரசே தடுமாறும் இடத்தில் தனியொருத்தி என் செய்வாள்? ஓர் எழுத்துக்கூட்டைத் தேர்ந்து, அதனையே எங்கும் எழுதுவாள், அது போதும். அயல்மொழி ஆவணம் எதனோடும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், பெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதியுரையும் வைத்தல் வேண்டும் என்பது அமெரிக்கக் குடியேற்றத் துறையின் நெறி. பிறப்புச் சான்றையும் திருமணச் சான்றையும் பெயர்ப்பவர், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டை எழுதவேண்டுமேயன்றித் தம் காதுக்குப் பட்டதை எழுதலாகாது.

இனி, நேர்ந்த பிழையைத் திருத்தும் வழி. முதலில் திருத்தவேண்டியது கடவுச்சீட்டு. இந்தியத் துணைத்தூதரகத்தில், இட்டபெயரும் குடிப்பெயரும் செவ்வையாகப் பிரித்தெழுதிய புதுச் சீட்டைப் பெறுதல் வேண்டும். அதனை விடுத்து ஓட்டுநர் உரிமத்திலிருந்து தொடங்குவார் உளர். அது வாய்க்காலைத் தூர்வாரிக் குளத்தை மறப்பது. நுழைவிசைவிற் பிழை கண்டால் வானூர்தி ஏறுமுன்னரே தூதரகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்; அச்சிட்ட பக்கத்தைப் பெற்ற அன்றே எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். நுழைவாயிலிற் பதியும் ஐ-94 என்னும் வருகைப் பதிவிற் பிழையிருப்பின், எல்லைக் காவல்துறையின் பின்னாய்வு அலுவலகத்தில் திருத்தலாம். பச்சை அட்டைக்குரிய படிவம் ஐ-90. துறையே தவறாக அச்சிட்டிருப்பின் கட்டணமில்லை. ஆனால் பிழையான அட்டையையும், சரியான பெயர்க்குச் சான்றையும் உடன் அனுப்புதல் வேண்டும். அட்டை கைவிட்டுப் போகுமுன் இருபுறமும் படியெடுத்துக் கொள்க. பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டவரோ கட்டணமும், திருமணச் சான்று அல்லது முறைமன்ற ஆணையும் வைத்தல் வேண்டும். அட்டை திருந்திய பின்னர்க் குமுகாயக் காப்பு அலுவலகம், அதன் பின்னர் ஓட்டுநர் உரிமம், அதன் பின்னரே வங்கி. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு முன்னுள்ள அலுவலகத்தின் ஏட்டை நோக்கியே சரிபார்ப்பதால், வரிசை மாறினால் இரட்டை வேலை.

மணமாகி ஈராண்டு நிறையாமுன் உரிமை பெற்ற மனைவிக்கு வழங்கும் அட்டை ஈராண்டுக்கே செல்லும். அது முடியுமுன் உள்ள 90 நாள்களில், கணவனும் மனைவியும் இணைந்து ஐ-751 படிவம் அளித்தல் வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வரி ஏடு ஆகியவற்றால் இல்வாழ்க்கை உண்மையென மெய்ப்பிக்கும் இடம் அது. அவ் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பெயரும், அட்டையில் ஒரு பெயரும் இருக்குமாயின், பெயரைப் பற்றிய ஐயம் மணத்தைப் பற்றிய ஐயமாகவே திரியக்கூடும். ஆகையால் இதற்கு முன்னரே பெயரைச் சீர்செய்து கொள்வது அறிவுடைமை.

தனித்தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விடத்துச் சிறப்பாக ஒன்று சொல்லவேண்டும். மீனாட்சி என்று பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் பதிந்த பெண், பின்னர் அரசிதழில் வெளியிட்டுக் கயற்கண்ணி ஆகியிருப்பாள். வேதாசலம் மறைமலை ஆனதும், சூரியநாராயணன் பரிதிமாற்கலைஞர் ஆனதும் போன்ற பெருமைக்குரிய செயல்தான் அது. ஆனால் அமெரிக்கப் படிவம் ஒவ்வொன்றும் ‘இதற்குமுன் வழங்கிய பிற பெயர்கள் யாவை?’ என்று வினவும்பொழுது, துறந்த பெயரை மீண்டும் எழுதக் கூசி அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடுவார் உளர். அலுவலர் கண்ணுக்கு அது கொள்கையாகத் தெரியாது; மறைப்பாகத் தெரியும். பழைய பெயரையும், அதன் பல எழுத்துக்கூட்டுகளையும் ஒன்றுவிடாது எழுதி, அரசிதழின் படியை மொழிபெயர்ப்போடு இணைத்தல் வேண்டும். மாற்றத்தை ஊரறியச் செய்தவர், அதனை ஓர் அலுவலர்க்கு மறைப்பானேன்?

அப் படிவங்களில், பலர் கண்ணுக்குப் படாத ஓரிடம் உண்டு. மனைவிக்காகக் கணவன் அளிக்கும் ஐ-130 படிவத்தில், அவள் எழுதும் மொழி உரோம எழுத்தினதாக இல்லையெனின், அவள் பெயரையும் அயல்நாட்டு முகவரியையும் அம் மொழியின் எழுத்திலேயே எழுதுமாறு தனிக்கட்டம் வைத்திருக்கின்றனர். நுழைவிசைவு வேண்டும் டி.எசு.-160 படிவத்திலும் தாய்மொழி எழுத்தில் முழுப்பெயர் எழுத இடமுண்டு. இந்தியக் கடவுச்சீட்டிற் கட்டங்களின் தலைப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க, தமிழுக்கு அங்கு ஒரு புள்ளியளவும் இடமில்லை. வாசிங்டனின் படிவம் தந்த இடத்தைப் ‘பொருந்தாது’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தமிழன் அடைத்துவிடுவது கொடுமையினுங் கொடுமை. அக் கட்டத்தில் ‘கண்ணப்பன் தேன்மொழி’ எனத் திருத்தமாகத் தமிழில் எழுதுக. உரோம எழுத்துக்கூட்டு எவ்வளவு பிறழினும், இவ்வொரு கட்டத்திற் பெயர் பிறழாது நிற்கும்.

இவ்வளவிலும் திருந்தாது போனவர்க்கும் ஒரு வாயில் உண்டு. குடிமகனின் மனைவி மூவாண்டு கழித்தும், ஏனையோர் ஐயாண்டு கழித்தும் அளிக்கும் என்-400 படிவத்திலேயே, பெயரை மாற்றித் தருமாறு வேண்டலாம். முறைமன்றத்தில் நடைபெறும் உறுதிமொழி நிகழ்ச்சியில் நடுவரே அதற்கு ஆணையிடுவார். அந்நாளிற் கையில் தரப்படும் குடியுரிமைச் சான்றில் கையொப்பம் இடுமுன், அவ்விடத்திலேயே நின்று பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தல் வேண்டும். பிழை இருப்பின் அங்கேயே அலுவலரிடம் காட்டிவிடலாம். வீடு சென்றபின் கண்டால், என்-565 என்னும் வேறொரு படிவத்தோடு வரிசையின் கடைசியில் மீண்டும் நிற்க நேரும்.