சங்க மருந்தகமும் நஷ்டக் கணக்கும்

அரிசியும் துணியும் உரமும் விற்பதுபோலவே கூட்டுறவுச் சங்கங்கள் மருந்தும் விற்று வருகின்றன என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். 2025 பிப்ரவரி 24ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 1,000 முதல்வர் மருந்தகங்களிலும் பல, சங்கங்களின் பொறுப்பிலேயே அமைந்தன. வெளிச் சந்தையைவிட 75 சதவீதம் வரை விலை குறைவு என்று அரசு அறிவித்தது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கூலி வேலை செய்து, மாதந்தோறும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வாங்கும் குடும்பங்களுக்கு இது சிறிய உதவியன்று. ஆயினும் விலையைப் பற்றியே பேசி மகிழ்ந்திருப்பது போதாதென்று நாம் கருதுகிறோம்.

நெசவாளர் நூல் வாங்கும்போது சிட்டத்தைப் பிரித்து, இழையை இழுத்துப் பார்த்தே வாங்குகிறார். விவசாயி விதை மூட்டையில் சான்றுச் சீட்டைத் தேடுகிறார். ஐயமிருந்தால் நாலு விதையை ஈரத் துணியில் முளைக்க வைத்தும் பார்க்கிறார். மருந்து வாங்குவோர்க்கு இத்தகைய சோதனை எதுவும் கைவசமில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் இருமல் மருந்து குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். ‘கோல்ட்ரிஃப்’ என்னும் அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கத்தக்க அளவோ 0.1 சதவீதமே. சாயத் தொழிலிலும் கரைப்பானாகப் பயன்படும் பொருள் அது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரையும், 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகளையும் கொன்றது இதே நஞ்சுதான்.

இதைக் கடைக்காரர் பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க இயலாது. அது உற்பத்திச்சாலையிலும் ஆய்வுக்கூடத்திலும் தடுக்கப்பட வேண்டிய குற்றம். ஆனால் தடை பிறந்த மறுகணம் கடையின் கடமை தொடங்குகிறது. யாருக்கு எந்தத் தொகுதி விற்றோம் என்பது பட்டியலில் இருந்தால், அலமாரியிலுள்ளதை ஒதுக்குவதோடு, வீட்டிற்குப் போய்விட்ட பாட்டிலையும் தேடிப் பிடிக்கலாம். துண்டுக் காகிதத்தில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்த கடை எவரைத் தேடும்? “பில் வேண்டாம், நேரமாகிறது” என்று ஷிப்டுக்கு ஓடும் நம்மவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையிலேயே சீட்டு மருந்துகள் வழங்கப்பட வேண்டும் என்பது சட்டம். சுவரில் அவருடைய சான்றிதழ் தொங்க, கவுண்டரில் வேறொரு பையன் நிற்பது சட்டத்திற்கு உகந்ததன்று. சில வீரியமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி மூன்றாண்டு காக்கவேண்டும். இவையெல்லாம் ஏட்டில் உள்ளனவே, விரித்துரைக்க வேண்டியதில்லை.

நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது சரக்கின் பாதுகாப்பைப் பற்றி. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் கெடும். பெரும்பாலான மாத்திரைகள் 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்கத்தக்கவை. வடசென்னையின் சித்திரை வெயிலையும் கடற்காற்றின் ஈரத்தையும் தகரக் கூரையையும் மின்தடையையும் நினைத்துப் பாருங்கள்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளில் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வெள்ளம் தொட்ட மருந்தை, அட்டை காய்ந்துவிட்டது என்பதற்காக மீண்டும் அடுக்கில் வைக்கலாகாது. குளிர்பெட்டி நெடுநேரம் நின்றுபோன இன்சுலினும் அவ்வாறே.

இங்கேதான் அங்கத்தினர்களின் பொறுப்பு வருகிறது. பொதுச்சபையில் இலாபம் எவ்வளவென்று கேட்கிறோம். அழிக்கப்பட்ட சரக்கு என்ற வரியைக் கண்டவுடன் காரியதரிசியைக் குற்றவாளிபோல் நிறுத்துகிறோம். விளைவு யாதெனில், தணிக்கைக்கும் நம் கேள்விக்கும் அஞ்சிய சிப்பந்தி, ஐயத்திற்குரிய சரக்கை ஓரமாக ஒதுக்காமல் விற்றுத் தீர்க்கவே பார்ப்பார். அந்த மாத்திரையை விழுங்குபவர் நம் வீட்டுக் கிழவியாகவும் இருக்கலாம். மருந்தகம் நடத்தும் சங்கத்தின் கணக்கில் ஆண்டு முழுதும் ஒரு ரூபாய்கூட அழிவு காட்டப்படவில்லையென்றால், பாராட்டுவதற்கு முன் விசாரிப்பதே முறை. கள்ளத்தனமாக வெளியே விற்றதை அழிவென்று எழுதுவோரும் இருக்கக்கூடும். ஆகையால் தொகுதி எண்ணும் சாட்சிக் கையொப்பமும் இல்லாத அழிவுக் கணக்கை நாம் ஏற்கச் சொல்லவில்லை. காலாவதிக்கு முன்பே திருப்பியனுப்பினால் மொத்த வியாபாரி ஏற்கும் சரக்கும் உண்டு. அதைக் கவனியாத சோம்பலையும் மன்னிக்க வேண்டியதில்லை.

வருகிற பொதுச்சபையில் மருந்தகம் உள்ள சங்கங்கள் மூன்று செலவுகளுக்கு அனுமதி தரலாம்: மின்தடையைத் தாங்கும் பாட்டரியுடன் ஒரு குளிர்பெட்டி, வெப்பநிலையைக் காலை மாலை குறிக்க ஒரு பதிவேடு, அழிக்கப்படும் மருந்துக்கென ஆண்டுதோறும் ஒரு சிறு ஒதுக்கீடு. அந்தப் பதிவேடு கவுண்டரின் மேலேயே இருக்கட்டும். மருந்து வாங்க வரும் எந்த அங்கத்தினரும் புரட்டிப் பார்க்கலாம்.