மஞ்சள் சட்டையும் மாற்று ஆட்களும்

2025 மே 20. சேப்பாக்கத்தில் நடந்திருக்க வேண்டிய சென்னை–ராஜஸ்தான் ஆட்டம் நம் டெல்லிக்கு வந்தது. எல்லையில் ஏற்பட்ட பதற்றத்தால் ஐ.பி.எல். ஒரு வாரம் நின்றுபோய், மறுபடி தொடங்கியபோது மிச்சமுள்ள லீக் ஆட்டங்களை ஆறு ஊர்களில் மட்டும் நடத்துவது என்று முடிவாயிற்று. அந்த ஆறில் சென்னை இல்லை. ஆகவே சென்னை சூப்பர் கிங்ஸின் 'சொந்த ஊர்' ஆட்டம் கோட்லா மைதானத்தில்! (ஸ்டேடியத்துக்கு அருண் ஜேட்லி பெயர் வைத்து வருடங்கள் ஆகியும் என் வாயில் கோட்லாதான் வருகிறது. மன்னிக்கவும்.) நாற்பத்தைந்து வருட டெல்லி வாசத்தில் ஊர்ச் சமாச்சாரம் ஒன்று இப்படி வாசல் தேடி வந்தது இதுவே முதல் தடவை. விடுவேனா? பேத்தியை அழைத்துக்கொண்டு மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ ஏறி, மண்டி ஹவுஸில் மாறி, டெல்லி கேட்டில் இறங்கினேன். இறங்கிய இடத்திலிருந்தே எங்கே பார்த்தாலும் மஞ்சள்.

இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போக முடியாது என்று முன்பே தெரிந்துவிட்ட ஆட்டம் அது. இருந்தும் கூட்டத்துக்குக் குறைவில்லை. சென்னை 187 ஓட்டங்கள் எடுத்தது. ராஜஸ்தானின் பதினான்கு வயதுப் பையன் வைபவ் சூர்யவன்ஷி 57 அடித்தான். சஞ்சு சாம்சன் 41. பதினேழு பந்துகள் பாக்கி இருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது. முடிந்ததும் அந்தப் பையன் நாற்பத்து மூன்று வயது தோனியின் காலைத் தொட்டு வணங்கினான். மைதானமே எழுந்து கை தட்டியது. நானும் தட்டினேன். ஆனால் என் மனத்தில் ஓடியது வேறு. எதிர் அணியில் பதினான்கு, நம் அணியில் நாற்பத்து மூன்று. நம் கதை இரண்டே எண்களில் அடங்கிவிட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பேத்தி நடுவில் ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, நம்ம டீம்ல தமிழ் பேசறவங்க யாரு?" களத்தைப் பார்த்தேன். ராஞ்சி, ஜாம்நகர், மும்பை, ஹரியானா, ஆப்கானிஸ்தான், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து… தமிழ்நாட்டுக்காரர் என்று அஷ்வின் ஒருவர்தான் அகப்பட்டார். "அதோ, அவர்" என்றேன். "ஒருத்தர்தானா?" என்றாள். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த 'ஒருத்தர்தானா'தான்.

முதலில் தோல்வியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆட்டங்களில் நான்கே வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி, வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசியில் வந்து நின்றது. சேப்பாக்கத்தில் மும்பையை ஜெயித்துவிட்டு, அதன் பிறகு அதே சேப்பாக்கத்தில் வரிசையாக ஐந்து தோல்வி. பெங்களூர் அங்கே 2008-க்குப் பிறகு ஜெயித்ததே இல்லை, ஜெயித்தது. டெல்லிக்கு 2010-க்குப் பிறகு அங்கே வெற்றி கிடைத்ததில்லை, கிடைத்தது. ஐதராபாத் ஒரு முறைகூட அங்கே வென்றதில்லை, வென்றது. கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட் இழப்புக்கு 103. அந்த மைதானத்தில் சென்னையின் ஆகக் குறைந்த எண்ணிக்கை அது. அன்று இரவு தொலைபேசியில் கூப்பிட்ட என் நண்பர் ஒருவர், "சார், சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட தொனி துக்கம் விசாரிப்பது போலவே இருந்தது.

இதற்கெல்லாம் காயம்தான் காரணம் என்று ஒரு கட்சி. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாடுக்கு மார்ச் 30 அன்று கௌஹாத்தியில் முழங்கையில் பந்து பட்டது உண்மை. (பந்து போட்டவர் துஷார் தேஷ்பாண்டே. 2023-இல் நமக்குக் கோப்பை வாங்கித் தந்த பந்து வீச்சாளர்களில் ஒருவர். நாம் விட்டுவிட்டோம், ராஜஸ்தான் எடுத்துக்கொண்டது.) அதற்குப் பிறகும் ருதுராஜ் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். பிறகுதான் எலும்பில் விரிசல் என்று சொல்லி சீசன் முழுவதும் விலகினார். அடிபட்ட கையோடு ஆடுவதை வீரம் என்று மெச்சுகிற வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. இருபத்தெட்டு வயதுப் பையனின் முழங்கை ஓர் ஆட்டத்தைவிடப் பெரியது.

ஆனால் காயத்தால் நாம் தோற்றோம் என்பதை நான் ஏற்க மாட்டேன். நடந்தது நேர்மாறு. ருதுராஜ் விலகியதால் உள்ளே வந்தவர் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே. முப்பது லட்ச ரூபாய். பெங்களூருக்கு எதிராக அவர் அடித்த 94-ஐ யாரும் மறந்திருக்க முடியாது (அந்த ஆட்டத்திலும் இரண்டு ஓட்டத்தில் தோற்றோம் என்பது வேறு விஷயம்). ஏழு ஆட்டங்களில் 240 ஓட்டங்கள். தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் காயமடைந்ததால் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ். வன்ஷ் பேடிக்கு அடிபட்டதால் உர்வில் படேல். இந்த மூவரையும் பெரிய ஏலத்தில் எந்த அணியும் எடுக்கவில்லை. கொல்கத்தாவில் ஜெயித்தோமே, அன்று உர்வில் பதினொரு பந்தில் 31, பிரெவிஸ் 52. கடைசி ஆட்டத்தில் அகமதாபாத்தில் குஜராத்தை 83 ஓட்டங்களில் நசுக்கினோமே, அன்றும் பிரெவிஸ் 57. நான்கு வெற்றிகளில் இரண்டு, மாற்று ஆட்கள் தயவால் வந்தவை.

அதாவது, அடிபடாமல் இருந்திருந்தால் இந்தப் பையன்களைப் பார்த்திருக்கவே மாட்டோம்! நிர்வாகம் ஏலத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலையைக் காயம் செய்து கொடுத்தது.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு வருடத் தடைக்குப் பிறகு 2018-இல் திரும்பி வந்தபோது, முப்பது தாண்டியவர்களாகச் சேர்த்து 'தாத்தாக்கள் படை' என்று ஊரே சிரித்தது. அந்தத் தாத்தாக்கள்தான் கோப்பையைத் தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் முப்பத்தாறு வயது ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117. அனுபவஸ்தர்களை நம்பினால் போதும் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. ஒரு தடவை பலித்த வைத்தியத்தையே எல்லா வியாதிக்கும் கொடுத்தால்? 2025-க்கு ராகுல் திரிபாதி, விஜய் சங்கர், தீபக் ஹூடா என்று வேறு அணிகளில் ஆடிக் களைத்தவர்களாகச் சேர்த்தார்கள். டெல்லிக்கு எதிராக விஜய் சங்கர் 54 பந்துகளில் 69 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, கூடுதலாக நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இருபது ஓவர் ஆட்டம் மாறிவிட்டது, நாம் மாறவில்லை.

தோனி விஷயத்தைத் தொடுவதற்கு எனக்கே பயமாக இருக்கிறது. வீட்டில் சாப்பாடு கிடைக்க வேண்டுமே! 2023-இல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். அந்தக் கால்களோடு பத்து ஓவர் ஓடியாட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் அவரைச் சுற்றி அணியை அமைக்கலாமா? ஒன்பதாவது ஆளாக வந்து, தோற்றுப்போன ஆட்டத்தில் இரண்டு சிக்ஸர் அடித்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எனக்கு அந்த ஆர்ப்பரிப்பு வருத்தத்தைத்தான் தருகிறது. அவர்மேல் மரியாதை இல்லாமல் இல்லை. மரியாதை இருப்பதால்தான்.

இனி பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். சங்கத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடுகிற எங்கள் கோஷ்டியில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார்: "பதினொன்றில் ஆறு பேராவது தமிழர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்குச் சென்னை என்று பெயர்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்கிறவர் யார்? மத்திய அரசு உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருடம் டெல்லியில் குப்பை கொட்டி, பென்ஷன் வாங்கி, துவாரகாவில் ஃப்ளாட் வாங்கியவர். 'இந்த ஊர்க்காரனுக்குத்தான் இந்த ஊரில் வேலை' என்று டெல்லிக்காரன் அன்றைக்கே சொல்லியிருந்தால் அவரும் நானும் எங்கே இருந்திருப்போம்? நாம் எந்தக் கோலை எடுத்து அளக்கிறோமோ அதே கோல் நம் முதுகுக்கும் வரும். ஆகவே அந்தக் கட்சியில் நான் இல்லை.

என் புகார் வேறு. வெளியூர்க்காரரை உள்ளே விட்டது தவறு இல்லை. உள்ளூர்க்காரரைத் திண்ணையிலேயே உட்கார வைத்ததுதான் தவறு. தமிழ்நாட்டுச் சுழல் பந்து வீச்சாளர் சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு வருடம் சென்னை அணியில் இருந்தார். ஓர் ஆட்டம் கொடுக்கவில்லை. குஜராத்துக்குப் போனார், 2025-இல் 19 விக்கெட். சென்னைப் பையன் சாய் சுதர்சனை 2022-இல் குஜராத் இருபது லட்சத்துக்கு எடுத்தது. 2025-இல் அவர் அடித்தது 759 ஓட்டங்கள், அந்த சீசனில் எல்லோரையும்விட அதிகம். அவர்களோடு வாஷிங்டன் சுந்தரும் ஷாருக் கானும் அதே அணியில். ஆக, குஜராத் அணியில் நான்கு தமிழ்நாட்டுக்காரர்கள்! சென்னையில் ஆண்ட்ரே சித்தார்த் என்று பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை வாங்கி வைத்திருந்தார்கள். கடைசி இடம் உறுதியான பிறகும் அவனை ஓர் ஆட்டத்தில் இறக்கிப் பார்க்கவில்லை. வருட முடிவில் விடுவித்தும் விட்டார்கள். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. திறமை போதாது என்றால் சரி. போதுமா போதாதா என்று பார்க்கவே இல்லையே?

பிழைப்புக்காக வெளி மாநிலம் போய்ப் பெயர் வாங்கிய பையன்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சீசன் முடிந்த பிறகு நிர்வாகத்துக்கு விழிப்பு வந்தது; அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்டில் அஷ்வின் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் வந்தது இடி. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியே இராத இரண்டு இளைஞர்களுக்கு (உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா) ஆளுக்கு 14.20 கோடி கொட்டினார்கள். கஞ்சத்தனமாக இருந்தவன் திடீரென்று கல்யாணச் செலவு செய்வது போல! என் கணக்கில் விலை அதிகம்தான். ஆனால் திசை சரி. பலனை ஒரு சீசனை வைத்து எடை போடவும் கூடாது.

ஜடேஜா போனதை மட்டும் மனம் ஏற்க மறுக்கிறது. 2012 முதல் நம்மோடு இருந்தவர், நடுவில் அணி தடைபட்டிருந்த இரண்டு வருடம் தவிர. 2022-இல் கேப்டன் பதவி கொடுத்து, எட்டு ஆட்டத்தில் அது பறிபோய், மனக்கசப்பு என்றெல்லாம் பேச்சு வந்தும் தங்கினார். அடுத்த வருடம் இறுதி ஆட்டம். குஜராத்துக்காக நம் சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 அடித்து நம்மைப் புலம்ப வைத்திருந்தார். நடுவில் மழை வேறு. நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டும். சிக்ஸர், பிறகு பவுண்டரி. அடித்தவர் ஜடேஜா. யோசித்துப் பாருங்கள்: சென்னைப் பையன் குஜராத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறான், குஜராத்காரர் சென்னையைக் காப்பாற்றுகிறார். தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். அந்த இரவில் எங்கள் காலனியில் பட்டாசு வெடித்த பஞ்சாபிப் பையன்கள் யாருக்கும் சேப்பாக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

கணக்குப்படி பார்த்தால் மாற்றம் சரியானதே. ஜடேஜாவுக்கு அப்போது முப்பத்தாறு முடியப்போகிறது. சாம்சன் ஆறு வயது இளையவர், விக்கெட் கீப்பர், தொடக்கத்தில் இறங்கி அடிக்கக்கூடியவர். தோனிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு ஒரு பதில். இன்னொன்றும் உண்டு. சாம்சனின் அப்பா டெல்லி போலீஸில் இருந்தவர். கேரளத்துப் பையன் சிறு வயதில் பந்து அடித்துப் பழகியது இந்த டெல்லியில்தான். இங்கே வாய்ப்பு அமையாமல் குடும்பம் பிள்ளைகளைக் கேரளத்துக்கு அழைத்துப் போன பிறகுதான் அவர் வளர்ந்தார். மாற்றலும் குவார்ட்டர்ஸும் அட்மிஷனுமாக நம் வீடுகளில் நடந்த கதைதானே இது? இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

பேத்திக்கு எட்டாம் எண் போட்ட ஜடேஜா சட்டை சிறியதாகிவிட்டது. புதுச் சட்டைக்காக சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனோம். முதுகில் என்ன பெயர் போட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். தோனி, சாம்சன், மாத்ரே என்று நான் மனத்துக்குள் வரிசை போட்டுக்கொண்டிருக்கையில், அவள் தயங்காமல் "சாய் சுதர்சன்" என்றாள். கடைக்காரர் மஞ்சள் சட்டையை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். "வோ தோ குஜராத் கா ஹை, பேட்டா" என்றார்.

"மாலூம் ஹை பையா. ஆப் லிக் தோ."

எழுதிக் கொடுத்தார். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்கியதில், ஜடேஜாவைவிட ஐம்பது ரூபாய் அதிகம் ஆயிற்று.