ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லையா? பணத்தை எடுக்கும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: "மூன்று நாள் மழையில் வயலுக்குப் போய் வந்ததில் இருந்து காரின் டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. பிரேக் வழக்கம்போல்தான் பிடிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, 'யூனிட்டையே மாற்ற வேண்டும்' என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகைக்கு ஒரு கறவை மாடு வாங்கிவிடலாம். வீட்டிலேயே பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?"
– வாசகர், மன்னார்குடி.

பதில்: நெற்பயிர் மஞ்சளானால் உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பவர்கள் உண்டு. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறதா என்பது ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த மஞ்சள் விளக்கும் அப்படித்தான். அது 'ஏதோ கோளாறு' என்று மட்டுமே சொல்கிறது. எங்கே என்று சொல்வதில்லை. யூனிட் கெட்டுப்போவதும் உண்டு. ஆனால், அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள். முதலில் சந்தேகப்பட வேண்டியவை சேறு, எலி, பேட்டரி.

ஏ.பி.எஸ். என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேடுவது எளிது. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. இதைத் தடுப்பதற்காக ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல் வளையத்தைப் பார்த்து, சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அது பானட்டுக்குள் இருக்கும் யூனிட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான்கில் ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் பார்த்தால், யூனிட் அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை ஒரு நொடியில் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில் இது கட்டாயம். சென்சாரில் இருந்து ஒழுங்கான தகவல் வராவிட்டால், யூனிட் தன்னையே நிறுத்திக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். அதனால்தான் வாசகரின் காரில் பிரேக் வழக்கம்போல் பிடிக்கிறது. சாதாரண பிரேக் வேலை செய்கிறது. வழுக்காமல் காக்கும் பகுதி மட்டும் தூங்குகிறது.

வேறு எதையும் தொடும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிகிறதா? ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும் சிவப்பு விளக்கு அணையாவிட்டால், வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், எங்காவது கசியலாம். இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும்போது, முன் பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் நின்று போயிருக்கலாம். அப்போது அவசரமாக மிதித்தால் பின்சக்கரம் முதலில் இறுகி, வண்டி குறுக்கே திரும்பிவிடும். மிதி கட்டை பஞ்சுபோல உள்ளே போனாலும் இதே கதைதான். பால் சொசைட்டி பக்கத்தில்தானே என்று ஓட்டிப் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே சரி.

மஞ்சள் மட்டும் எரிந்தால், அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதி நோய் இங்கேயே பிடிபட்டுவிடும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, அப்படியே நின்றுவிட்டால் வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது அணைந்து, வண்டி நகர்ந்து 10, 20 கிலோமீட்டர் வேகம் வந்தபின் எரிந்தால், சென்சார் முனையில் சேறோ பல் வளையத்தில் துருவோ விரிசலோ இருக்கலாம். பள்ளம் மேட்டில் மட்டும் வந்து வந்து போனால் வயர் எங்கோ தளர்ந்து ஆடுகிறது. காலையில் இன்ஜின் சோம்பலாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகும் நாளில் மட்டும் வந்தால், பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

மழையில் வயலுக்குப் போய் வந்த பிறகு தொடங்கியது என்பதால், சக்கரத்தில் இருந்து தொடங்குவது நல்லது. முன்சக்கரத்துக்கு டயரைக் கழற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துவிட்டால், சக்கரத்தின் பின்னால் இருந்து ஒரு கறுப்பு வயர் மேலே ஏறிப்போவது தெரியும். அதன் கீழ்முனையில்தான் சென்சார் இருக்கிறது. பின்சக்கரத்துக்கு டயரைக் கழற்ற வேண்டியிருக்கலாம். அப்படியானால் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டுவிட்டு ஜாக் ஏற்ற வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பது கூடாது. ஈர மண்ணில் ஜாக் சரியும்.

கரிசலும் களியும் காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிக்கொள்ளும் என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். டிராக்டர் கழுவும் பிரஷர் மோட்டாரைச் சென்சாருக்கு நேராகப் பிடித்தால் கனெக்டருக்குள் தண்ணீர் ஏறி, இல்லாத கோளாறு புதிதாக வரும். மண்ணெண்ணெய், டீசல் வைத்துத் துடைக்கவும் வேண்டாம். அது பிரேக் பேடில் பட்டால் பிரேக் பிடிக்காமல் போய்விடும். சென்சார் பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். போல்ட்டைக் கழற்றியும் சென்சார் அசையாவிட்டால் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து, துடைத்தாலே சரியாகியிருக்க வேண்டியது புதிது வாங்கும் செலவில் முடியும். எளிதாக வெளியே வந்தால், முனையில் இரும்புத் தூள் மீசைபோல ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துணியால் துடைத்து மாட்டலாம்.

அடுத்து எலி. வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ, நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையிலோ நிற்கும் காரில் இது சேற்றைவிடப் பெரிய தொல்லை. அறுவடை முடிந்து வயலில் தீனி இல்லாமல் போனதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். இன்ஜின் சூடு ஆறாத பானட், அவற்றுக்குக் கதகதப்பான வளை. பானட்டைத் திறந்து உமி, வைக்கோல் துண்டு, புழுக்கை கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சென்சார் வயரை சக்கரத்தில் இருந்து மேலே அது கனெக்டரில் சேரும் இடம் வரை, விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். மேல்தோல் மட்டும் கடிபட்டு உள்ளே செம்பு தெரிந்தாலும் போதும், விளக்கு வந்துவிடும். கடிபட்ட இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைதான் தாங்கும். ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூத்துவிடும். சென்சாரை வயரோடு சேர்த்து மாற்றுவதே நிலையான தீர்வு.

உர மூட்டை ஏற்றும் காரில் இன்னொரு தொல்லை. சில கார்களில் பின்சக்கர சென்சாரின் கனெக்டர் பின் இருக்கைக்கு அடியில் இருக்கும். பொட்டாஷ் சிந்தி அதில் ஈரமும் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிடும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்துப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துக் காயவிட்டு மாட்டலாம். கனெக்டரைக் கழற்றும் முன் சாவியை எடுத்துவிட வேண்டும்.

பேட்டரியைப் பார்க்க, பம்பு செட்டுக்கு வைத்திருக்கும் மல்டிமீட்டரே போதும். இரவு முழுவதும் நின்ற காரில் இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்டும். இதைவிட நன்றாகக் குறைந்தால், ஏ.பி.எஸ்.ஸைப் பார்க்கும் முன் பேட்டரி முனைகளில் உள்ள வெள்ளைப் பூவைத் துடைத்து இறுக்குங்கள். அதன் பிறகும் குறைந்தால் சார்ஜ் ஏறுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பியூஸ் பெட்டியின் மூடியிலேயே எது ஏ.பி.எஸ். பியூஸ் என்று எழுதியிருக்கும்; இரண்டு மூன்றுகூட இருக்கலாம். போனதை அதே ஆம்பியர் பியூஸால்தான் மாற்ற வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டரில் செய்வதுபோல செம்புக் கம்பி கட்டுவது வண்டியையே எரித்துவிடும்.

பிரேக் ஆயில் டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது கசிகிறது; ஊற்றி மறைத்துவிட்டால் காரணம் தெரியாமல் போகும். மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 வகையைத் தவிர வேறு எதுவும் அந்த டப்பாவுக்குள் போகக் கூடாது. டிராக்டருக்கு வாங்கி மிச்சமான ஆயிலை ஒரு மூடி ஊற்றினாலும் உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிப்போய், பிரேக் அமைப்பு முழுவதையும் பிரிக்க வேண்டிய நிலை வரும். அப்போது கறவை மாட்டு விலையும் போதாது.

மீட்டரால் சென்சாரையும் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பழைய வகை சென்சாரில் அது சரி. கனெக்டரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால் பொதுவாக 800 முதல் 2,000 வரை காட்டும். இடது வலது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். புதிய வகை சென்சாருக்குள் மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம்ஸ் பார்ப்பதில் பயன் இல்லை, கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. இரண்டு வகைக்கும் வயர் இரண்டுதான் என்பதால் வெளியில் பார்த்துப் பிரிக்க முடியாது. எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவர்கள் மீட்டரை அதில் வைக்காமல் இருப்பதே நல்லது.

இத்தனையும் பார்த்துப் பிடிபடவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதை மாட்டினால் யூனிட் தன் கோளாறை எண்ணாகச் சொல்லும். பல கார்களில் சி0035 என்றால் முன் இடது சக்கர சென்சார், சி0040 என்றால் முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. செல்போனோடு இணைக்கும் மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவை இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். அதில் 'கோளாறு இல்லை' என்று வந்தால் ஏ.பி.எஸ். நன்றாக இருப்பதாக அர்த்தம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஸ்கேனரில் என்ன எண் வந்தது?" அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எண்ணே பார்க்காமல் யூனிட்டை மாற்றச் சொன்னால், மண் பரிசோதனை இல்லாமல் உரப் பட்டியல் எழுதிக் கொடுத்ததுபோலத்தான். சென்சார் என்றால் செலவு சில ஆயிரங்களில் முடியும். யூனிட் பல பதினாயிரங்களில் போய் நிற்கும்.

சமீபத்தில் சக்கர பேரிங் மாற்றியிருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். பல புதிய கார்களில் பல் வளையத்துக்குப் பதிலாக பேரிங்கின் ஒரு பக்கத்திலேயே காந்த வளையம் பதித்திருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சென்சார் வெறும் இரும்பைத்தான் பார்க்கும். ஒரு சக்கரத்தில் மட்டும் வேறு அளவு டயர் போட்டிருந்தாலும் யூனிட் குழம்பிவிடும்.

சரிசெய்யும் வரை வண்டி ஓட்டலாம், ஆனால் பழைய காலத்துக் காரை ஓட்டுவதுபோல. முன்வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விட வேண்டும். ஏ.பி.எஸ். வேலை செய்யும் காரில் அவசரத்துக்கு பிரேக்கை அழுத்தி மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். விளக்கு எரியும் காரில் அப்படிச் செய்தால் ஈரச் சாலையில் சக்கரம் இறுகிவிடும். வழுக்குவது தெரிந்ததும் சற்றே விட்டு மறுபடி மிதிக்க வேண்டும். வீட்டில் காரை எடுப்பவர்கள் எல்லோருக்கும், முக்கியமாகப் புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு, இதைச் சொல்லி வைக்க வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாமல் ஓட்டிப் பழக்கமே இல்லாத தலைமுறை அது.

கேள்வி: "தெரிந்தவர் ஒருவர் பழைய கார் விற்கிறார். ஓட்டிப் பார்த்ததில் ஏ.பி.எஸ். விளக்கு எரியவே இல்லை. அப்படியானால் நல்ல நிலையில்தானே இருக்கிறது?"
– வாசகர், அருப்புக்கோட்டை.

பதில்: எரியவே இல்லை என்பதுதான் சந்தேகம் தருகிறது. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டாஷ்போர்டைப் பார்க்க வேண்டும். மற்ற விளக்குகளோடு ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாவிட்டால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், டேப் ஒட்டி மறைத்திருக்கலாம். வேறொரு விளக்கோடு சேர்த்து ஜோடி போட்டு ஏமாற்றுவதும் உண்டு. இரண்டு விளக்கும் எப்போதும் ஒன்றாகவே எரிந்து ஒன்றாகவே அணைந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

உறுதிசெய்ய ஆள் நடமாட்டம் இல்லாத, பின்னால் வண்டி வராத ஜல்லி அல்லது மண் பாதையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். காலுக்கு அடியில் மிதி கட்டை அதிர்ந்து, 'கடகட' என்று சத்தம் கேட்டால் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. சக்கரம் இறுகி, மண்ணில் நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டு போனால் வேலை செய்யவில்லை. விலை பேசும் முன் ஸ்கேனர் வைத்து எண்ணைப் பார்த்துவிட்டு, சென்சாரா யூனிட்டா என்று தெரிந்த பிறகு அதற்கான தொகையைக் குறைத்துக் கேளுங்கள்.