சுவருக்குப் போர்வை போர்த்தினால் ஓதம் போய்விடுமா?

அசோக் நகர் பக்கம் தரைத்தளத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கார் பார்க்கிங் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஹாலில் இடுப்பு உயரத்துக்குப் புத்தம்புதுசாய் பி.வி.சி. பேனலோ பிளைவுட் பேனலோ அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடித்திருந்தால், தரையை ஒட்டிய ஓரத்தில் குனிந்து ஒருமுறை மோந்து பாருங்கள். புரோக்கர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை! நனைந்த சாக்கு வாடை அடித்தால், அந்தப் பேனலுக்குப் பின்னால் ஒரு மழைக்காலம் இன்னும் காயாமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை மீறி ஜாஃபர்கான்பேட்டை, அசோக் நகர், சைதாப்பேட்டை என்று வீடுகளுக்குள் புகுந்தது. 2021 நவம்பரில் ஆறு வரவில்லை, மழையே போதுமானதாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எட்டு வருஷத்தில் மூன்று முறை. இனிமேல் "எப்பவோ ஒருதரம் வர்றது" என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் எதைப் பொருத்தினாலும் அது ஒருநாள் நனையும் என்று வைத்துக்கொண்டுதான் பொருத்த வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? டிசம்பரில் தண்ணீர் வடிகிறது. பொங்கலுக்குள் வீடு பார்க்கிற மாதிரி ஆகிவிட வேண்டும் என்று அவசரம். ஊதிப்போன பலகையைப் பிய்த்துவிட்டு, ஈரச் சுவர் மேலேயே ரீப்பர் அடித்து, புதுப் பேனலை மாட்டிவிடுகிறார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மலிவு என்று நினைத்துச் செய்கிற இந்த வேலைதான் கடைசியில் அதிகம் செலவு வைக்கிறது.

காரணம் ரொம்ப எளிது. செங்கல்லும் சிமென்ட் பூச்சும் விளக்குத் திரி மாதிரி. கீழே இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். மூன்றடி வரைகூட ஏறும். அந்த ஈரம் வெளியேற ஒரே வழி சுவரின் முகப்புதான். காற்று பட்டு ஆவியாகும்போது கூடவே வந்த உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் சுவர் காய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த முகப்பை பிளாஸ்டிக் பேனலால் மூடினால் ஈரம் எங்கே போகும்? ரீப்பர் கட்டைக்குள் போகும். பேனலுக்கும் சுவருக்கும் நடுவே இருட்டு, ஈரம், மரம், அசையாத காற்று. பூஞ்சைக்கும் கரையானுக்கும் இதைவிட நல்ல வாடகை வீடு கிடைக்காது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும் என்கிறார்கள். ஆஸ்துமா இருக்கிற குழந்தையோ பெரியவரோ அந்த ஹாலில் படுத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய மெட்ராஸ் வீடுகளின் சுண்ணாம்புக் காரைக்கு இந்தத் தொல்லை குறைவு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். இப்போது அதே சுவருக்குப் பட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன், அதற்கும் மேல் பேனல். மூன்று சட்டை போட்டுவிட்டு ஏன் வேர்க்கிறது என்று கேட்டால்?

இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ளத் தோதான ஆட்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் வண்டிகளை வாங்கிச் சரிசெய்கிறவர்கள். (சாலிகிராமம் பக்கம் ஷூட்டிங்குக்கு நிற்குமே கேரவன், அதன் பெரியப்பா.) பழைய வண்டிகளில் உள்சுவர் பெரும்பாலும் 3 மி.மீ. மெல்லிய பிளைவுட், மேலே ஒட்டிய வினைல் காகிதம், அவ்வளவுதான். கூரை இணைப்பிலோ ஜன்னல் ஓரத்திலோ ஒழுகினால் பலகை அப்பளம் மாதிரி ஆகிவிடும். அனுபவப்பட்டவர்கள் உடனே புதுப் பலகை வாங்க ஓடுவதில்லை. முதலில் ஒழுகலை அடைக்கிறார்கள். பிறகு நல்ல மரம் வருகிற வரைக்கும் மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். உள்ளே மக்கிய சட்டத்தை மாற்றி, நன்றாகக் காயவிட்டு, வெட்டிய இடத்துக்கு மட்டும் துண்டுப் பலகை. ஒட்டு தெரியாமல் இருக்க மேலே ஒரு பட்டை. முழுச் சுவரையும் மாற்றுவதில் கால்வாசிகூட ஆகாது. கத்ரீனா புயல் 2005-இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோதும் வீடுகளில் இதே வேலைதான் நடந்தது: நனைந்த சுவர்ப் பலகையை வெட்டி வெளியே போடு, சட்டத்தைக் காயவிடு, பிறகு மூடு.

அசோக் நகருக்கு இதை அப்படியே கொண்டுவரலாம். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் அரையடி, ஓர் அடி விட்டு, நேர்கோட்டில் பேனலை அறுத்து எடுத்தால் போதும். மேல்பாதி நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டியதே இல்லை. சுவரில் பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். கீழ்ப்பாதிக்குப் புதிதாக பிளைவுட் வேண்டாம். கடையில் "செவன் டென்" என்று கேட்டால் கிடைக்கிற ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடாதது என்பது உண்மைதான். ஆனால் விலை? வெள்ளம் வந்தால் முங்கப் போகிற இடத்தில் அவ்வளவு பணத்தை ஏன் அடிக்க வேண்டும்? எம்.டி.எஃப். பக்கம் போகவே வேண்டாம், ஒருமுறை நனைந்தால் பஞ்சுமிட்டாய்.

அந்த இடத்துக்கு ஃபைபர் சிமென்ட் போர்டு போதும். எட்டுக்கு நான்கு ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டடி உயரத்தில் பதினாறடி சுவருக்கு வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காததா என்று கேட்டு வாங்க வேண்டும், அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். மரச் சட்டத்துக்குப் பதில் அலுமினியம். கீழே ஓர் அங்குலம், மேலே அரை அங்குலம் இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். முக்கியமாக ஃபெவிகால் போட்டு ஒட்டாமல், துருப்பிடிக்காத ஸ்க்ரூவில் மாட்ட வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் கழற்றி பரண் மேல் போட்டுவிடலாம்! ஆசாரி முகம் சுளிப்பார், "ஸ்க்ரூ தெரியுமே சார்" என்பார். தெரியட்டும். கையோடு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டுகளை நான்கடிக்கு மேல் ஏற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

இதில் காசு கேட்காத பகுதி ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் செய்வதில்லை. காத்திருப்பது. ஈரச் சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று இங்கிலாந்தில் ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். சென்னை வெயில் அதைவிடக் கருணையானது. ஆனாலும் ஒன்பது அங்குலச் சுவர் பொங்கலுக்குள் காயாது. சித்திரை வரை அப்படியே விட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மிஷின் வேண்டாம். ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒருநாள் விட்டால் போதும். தாளின் உள்பக்கம் வேர்த்தால் சுவர் இன்னும் ஈரம்தான்.

நாலு மாதம் உப்புப் பூத்த சுவரோடு குடித்தனம் செய்வது சுலபமா? சொந்த வீட்டுக்காரர் வேண்டுமானால் பொறுத்துக்கொள்வார். வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவருக்கு நாலு மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம். அதனால்தான் பேனல். அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. 2023-இல் அரசு கொடுத்த வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய். அதில் ஒரு ஹாலின் சுவரைச் சரிசெய்ய முடியுமா என்ன! ஆனால் அவர் மிச்சம் பிடித்ததை அடுத்து குடிவருகிறவரின் நுரையீரல் கட்டுகிறது. அவருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் அநியாயம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பராமரிப்பை இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறது. கட்டட ரிப்பேரும் வெள்ளையடிப்பதும் வீட்டு உரிமையாளர் தலையில். குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது மாதிரியானவை குடியிருப்பவர் தலையில். ஓதம் ஏறிய சுவர் சந்தேகமே இல்லாமல் முதல் பட்டியல் சமாச்சாரம். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ஒரே ஒரு பேனலைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. ஸ்க்ரூவில் மாட்டியிருந்தால் ரெண்டு நிமிஷ வேலை.