சந்தையின் தாயை ஆர் தெரிவுசெய்வது?

பெண் தலைமைத்துவம் எண்டு கதைக்கத் தொடங்கினாலே நாங்கள் பாராளுமன்றக் கதிரைகளைத்தான் எண்ணுறம். நைஜீரியாவின் யொரூபா மக்களிட்ட வேற கணக்கொன்று இருக்கு. அங்கே சந்தைக்கு ஒரு தாய் இருப்பார். பெயர் 'இயாலோஜா'. வியாபாரிகளுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைப்பவரும், அவர்களுக்காக அரசோடு கதைப்பவரும் அவர்தான்.

லாகோஸ் சந்தைப் பெண்கள் சங்கத் தலைவி அலிமோட்டு பெலெவுராவைப் பாருங்கள். மீன் வியாபாரி; எழுத வாசிக்கத் தெரியாது. 1940இல் பிரித்தானிய ஆட்சி பெண்களின் வருமானத்துக்கு வரி போட, பெண்களைத் திரட்டிக்கொண்டு வீதிக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பொருட்களுக்கு அரசு விலை நிர்ணயித்தபோதும் விடவில்லை. அவர் கதைக்கேக்க பின்னால் சந்தையே நின்றது. அதுதான் அவரின் அதிகாரம்.

இண்டைக்கு? லாகோஸின் தலைமை இயாலோஜாவாக இருந்த அபிபத்து மொகாஜி 2013இல் காலமானார். பட்டம் பேத்திக்குப் போனது. பேத்தியின் தகப்பன் போலா டினுபு, இப்ப நாட்டின் ஜனாதிபதி. அரச குடும்பத்துக்குள்ள இருந்துகொண்டு அரசிடம் 'ஏலாது' எண்டு எப்படிச் சொல்லுறது?

சந்தையின் தாயைச் சந்தைதான் தெரிவுசெய்ய வேணும், குடும்பமோ கட்சியோ இல்லை எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.